முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஃப்ளாஷ்!

2021-ம் வருஷம் என் தங்கைக்கு வளைகாப்பு. வீட்டோடு செய்துகொண்டோம். "வெளி ஆளைக் கூப்பிட்டு எதுக்கு தண்டச் செலவு? அக்காகிட்டதான் பெரிய காமிரா இருக்கே!" என்று எல்லோருமாகச் சேர்ந்து போட்டோ பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். கொழுந்தனார் புதிது வாங்கியபோது எனக்குக் கொடுத்த பழைய காமிரா அது. நானும் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முந்நூறு படம் எடுத்துத் தள்ளினேன்.

நாலாம் மாதம் அம்மா போய்விட்டாள். காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டுமே என்று அந்த முந்நூறையும் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா இருபது படத்திலாவது இருந்தாள். ஒன்றாவது உருப்படியாக இருக்க வேண்டுமே! முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு. நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு. கண் இரண்டும் சிவப்பு. மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. முதுகுக்குப் பின்னால் சுவரில் கன்னங்கரேல் என்று ஒரு நிழல். கடைசியில் ஆதார் அட்டைப் படத்தைத்தான் பெரிசு பண்ணி மாட்டினோம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

காமிராவைக் குறை சொல்லிப் பயனில்லை. தப்பு அதன் தலையிலிருந்து டப்பென்று எழுந்து நிற்குமே, அந்தக் குட்டி ஃப்ளாஷில் இருந்தது. அதன் சக்தியைக் 'கைடு நம்பர்' என்று ஒரு எண்ணால் சொல்கிறார்கள். அந்த எண்ணை லென்ஸில் நாம் வைத்திருக்கும் எஃப் நம்பரால் வகுத்தால் வெளிச்சம் எத்தனை மீட்டர் எட்டும் என்று தெரிந்துவிடும். இது ஐ.எஸ்.ஓ. 100-க்கு உள்ள கணக்கு. குட்டி ஃப்ளாஷுக்கு 12 இருந்தாலே அதிகம். எஃப் 4 வைத்தால் 12-ஐ 4-ஆல் வகுக்க, 3 மீட்டர். அதாவது பத்தடி! அதற்குப் பின்னால் நின்ற சித்தி, பெரியம்மா எல்லாம் இருட்டிலே. முன்னால் உட்கார்ந்தவர்களோ மாவில் புரண்ட மாதிரி.

கண் சிவப்பதற்கும் அதுதான் காரணம். மங்கலான அறையில் கருவிழி நன்றாக விரிந்திருக்கும். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் கிளம்பினால் நேரே உள்ளே போய், விழித்திரைக்குப் பின்னாலுள்ள ரத்த நாளங்களின் நிறத்தோடு அதே வழியில் திரும்பி வந்துவிடுகிறது.

சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. நேர் ஃப்ளாஷில் எடுத்த படங்களில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும், பூனைக் கண் போல, மறுபடி மறுபடி தெரிந்தால் சும்மா விடாதீர்கள். பார்வை போன கோணத்தாலும் அப்படித் தெரியலாம்தான். ஆனால் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோய்க்கும் அது ஓர் அடையாளம். தள்ளிப் போடாமல் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் குணப்படுத்த முடிகிற நோய் அது.

'செல்போன் இருக்கையில் இதெல்லாம் எதற்கு?' என்று கேட்பீர்கள். பகல் வெளிச்சத்தில் செல்போன் நன்றாகத்தான் எடுக்கிறது. ஆனால் அதிலிருப்பது சின்ன டார்ச் விளக்கு. ராத்திரி வரவேற்பில், நாலு பேர் நகர்ந்துகொண்டிருக்கும் இடத்தில் அது ஒன்றுக்கும் உதவாது.

சரி, தனியாக ஒரு ஃப்ளாஷ் வாங்குவது என்று முடிவு செய்து, சீட்டுப் பணம் வந்ததும் இவரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே என் நல்ல காலம், கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஒரு தம்பி பாட்டரி வாங்க வந்திருந்தார். கடைக்காரர் சின்னதாக, அழகாக ஒன்றைக் காட்டி, "இது போதும் மேடம், கைக்கு அடக்கமா இருக்கும்" என்றார். தம்பி குறுக்கே வந்து, "அக்கா, அது தலையை அசைக்குதா பாருங்க" என்றார். அசைக்கவில்லை. "அப்ப வேணாம்க்கா. உங்க காமிராவுல இருக்கறதோட அண்ணன்தான் அது. அதே வெள்ளை மூஞ்சிதான் வரும், கொஞ்ச தூரத்துக்கு வரும், அவ்வளவுதான்."

பிறகு வேறொன்றை எடுத்து என் காமிராவில் மாட்டினார். அதன் தலை மேலே நிமிர்ந்தது, இடமும் வலமும் திரும்பியது. தலையைச் சீலிங்கைப் பார்க்க நிமிர்த்திவிட்டு இவரை ஒரு படம் எடுத்தார். பார்த்தால், ஜன்னலோரம் உட்கார்ந்த மாதிரி மெத்தென்ற வெளிச்சம். கண் சிவக்கவில்லை, பின்னால் நிழல் இல்லை, வழுக்கைகூடப் பளபளக்கவில்லை! சின்ன விளக்கிலிருந்து வந்தால்தான் வெளிச்சம் கடுமை. வெள்ளைச் சீலிங்கில் பட்டுப் பரவினால் சீலிங்கே பெரிய விளக்காகிவிடுகிறது. இதற்கு 'பவுன்ஸ்' என்று பெயர். எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். தலை நிமிர வேண்டும், பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும். காமிராவைக் குத்துவாக்கில் திருப்பிப் பிடிக்கும்போது வெறுமே நிமிர்கிற தலை சுவரைத்தான் பார்க்கும். பக்கவாட்டிலும் திரும்பினால்தான் சீலிங்கைப் பார்க்கும்.

இப்படித் திருப்பி அடிக்கச் சக்தியும் வேண்டும். வெளிச்சம் மேலே போய்க் கீழே இறங்குவதில் தூரம் கூடுகிறது. சீலிங்கும் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. நம் வீட்டுச் சீலிங் பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைடு நம்பர் 36 உள்ள ஃப்ளாஷில் எஃப் 4 வைத்து, ஐ.எஸ்.ஓ. 100-ல் அடித்தால் முழு சக்தியும் போய்விடும். ஐ.எஸ்.ஓ.-வை 400 ஆக்கினால் கால்வாசி சக்தி போதும். பாட்டரியும் நீடிக்கும்.

கைடு நம்பரில் ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியில் 60 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது தலைக்குள்ளிருக்கும் ஜூமை 200 எம்.எம்.முக்கு நீட்டி, வெளிச்சத்தை ஒடுக்கி அடிக்கும்போது கிடைக்கிற எண். சாதாரணமாகக் குடும்பப் படம் எடுக்கும் 35 எம்.எம்.மில் அதுவே ஏறக்குறைய 36-தான். கேனானில் 430, 600 என்று பெயர் வைத்தார்களே, கடைசி சைபரை எடுத்துவிட்டால் நிற்பது இந்தப் பெரிய கணக்கு கைடு நம்பர்தான். இரண்டு ஃப்ளாஷை ஒப்பிடும்போது ஒரே ஜூம் அளவில் எவ்வளவு என்று கேளுங்கள். நான் கேட்டதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்!

அடுத்து ஒரு பெரிய கேள்வி, 'டி.டி.எல்.' வேண்டுமா, 'மேனுவல்' போதுமா என்பது. டி.டி.எல். என்றால், நாம் பட்டனை அழுத்தியதும் ஃப்ளாஷ் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் முன்னோட்டமாக ஒரு தடவை மின்னும். லென்ஸ் வழியாகத் திரும்பி வந்த வெளிச்சத்தைக் காமிரா அளந்து, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் அடிக்கச் சொல்லும். மேனுவலில் முழு, அரை, கால், அரைக்கால் என்று 1/128 வரை நாமே வைக்க வேண்டும். சமையலில் உப்பு போடுகிற மாதிரி, கை பழகினால் கண் அளவே போதும். கோடாக்ஸ் கம்பெனியின் டி.டி. 600 மேனுவல் வகை, டி.டி. 685 டி.டி.எல். வகை. பின்னதற்கு விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. காமிரா கம்பெனிகளின் சொந்த ஃப்ளாஷ் அதைவிடவும் எவ்வளவோ அதிகம்.

"உட்கார வெச்சு மெதுவா முகம் எடுக்கறதுன்னா மேனுவல் தாராளமாப் போதும்க்கா. விசேஷம்னா ஒருத்தர் பக்கத்துல வருவாங்க, ஒருத்தர் தூரத்துல நிப்பாங்க. அந்த நேரத்துல திருகிக்கிட்டு நிக்க முடியாது" என்றார் தம்பி. வளைகாப்பில் ஒருத்தி வளையல் போட்டு நகர்வதற்குள் அடுத்தவள் சந்தனத்தோடு வந்துவிட்டதை நினைத்துக்கொண்டேன். டி.டி.எல்.லே வாங்கினேன். மாசத்துக்கு ஒரு விசேஷம்கூட எடுக்காதவர்கள் இந்தச் செலவு செய்ய வேண்டியதில்லை.

உங்கள் காமிராவுக்கு ஏற்றதா என்று மாட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். ஃப்ளாஷ் உட்காரும் இடத்தில் கம்பெனிக்குக் கம்பெனி புள்ளிகள் வேறு. அதே டி.டி. 685-ல் பெயருக்குப் பின்னால் சி என்றால் கேனான், என் என்றால் நிக்கான், எஸ் என்றால் சோனி, எஃப் என்றால் ஃபியூஜி. மாறி வாங்கினால் டி.டி.எல். வேலை செய்யாது. இன்னொன்று, விலை குறைந்த சில காமிராக்களில் நடுவிலிருக்கும் பெரிய புள்ளியையே எடுத்துவிட்டார்கள். அதில் மேனுவல் ஃப்ளாஷ் எரியவே எரியாது.

பீரோவில் மாமா காலத்துப் பழைய ஃப்ளாஷ் ஒன்று இருந்தது. "இதையே மாட்டேன், எதுக்கு காசைக் கரியாக்கணும்?" என்றார் இவர். நல்லவேளை, மாட்டவில்லை. பழைய ஃப்ளாஷ்களில் சில, காமிராவின் புள்ளிக்கு 200 வோல்ட்டுக்கும் மேலே அனுப்பும். இந்தக் காலக் காமிரா பலவற்றுக்கு அது தாங்காது.

பாட்டரி விஷயத்தில் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஃப்ளாஷ் வாங்கி முதல் கல்யாணம். தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் ஆசையாக நாலைந்து படம் சேர்ந்தாற்போல் எடுத்தேன். கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் ஃப்ளாஷ் கம்மென்று இருந்துவிட்டது! அது சாதாரணப் பென்சில் பாட்டரி நாலு போட்டது. முழு சக்தியில் ஒரு தடவை அடித்தபின் மறுபடி தயாராக இரண்டு மூன்று நொடி ஆகும். பாட்டரி இறங்க இறங்க ஐந்தாறு நொடிகூட ஆகிவிடும். ரீசார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பாட்டரி போட்டால் சீக்கிரம் தயாராகும். எட்டாக வாங்கி, நாலு ஃப்ளாஷில், நாலு கைப்பையில் என்று வைத்துக்கொள்கிறேன். வி 860, வி 1 போன்ற வகைகளில் லித்தியம் பாட்டரி. ஒன்றரை நொடியில் தயார். வி 1-ல் முழு சக்தியில் 480 தடவை என்பது கம்பெனிக் கணக்கு. விலைதான் எட்டவில்லை.

வீட்டுச் சுவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். எங்கள் கூடத்தில் கிளிப்பச்சை பெயிண்ட். அந்தச் சுவரில் திருப்பி அடித்தேன், நாத்தனார் குழந்தைக்குக் காமாலை வந்த மாதிரி படம் வந்தது. சீலிங் வெள்ளையாக இருந்தால் அதையே நம்ப வேண்டும். கல்யாண மண்டபத்தில் சீலிங் இருபதடிக்கு மேலே போய்விட்டால், பக்கத்தில் வெள்ளைச் சுவர் இருக்கிறதா என்று பார்த்துத் தலையை அந்தப் பக்கம் திருப்பலாம்.

2023-ல் மாமாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம். அங்கே என் வித்தையெல்லாம் பலிக்கவில்லை. கருங்கல் மேல்தளம் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பதே இல்லை, அப்படியே குடித்துவிடுகிறது. ஹோமப் புகை வேறு. நேராக ஃப்ளாஷ் அடித்தால் புகைதான் வெள்ளைத் திரையாகத் தெரியும், மாமா அத்தை இருவரையும் காணோம்! பிறகு புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, எதிர்ப் பக்கம் போய் நின்று, ஐ.எஸ்.ஓ.-வை 1600-க்கு ஏற்றி, ஃப்ளாஷைக் குறைவாக வைத்து எடுத்தேன். பட்டுப் புடவை ஜரிகையும் அப்போதுதான் கண்ணைப் பறிக்காமல் வந்தது. கும்பத்தில் வைத்த நீரை ஊற்றும்போது மட்டும் ஃப்ளாஷை நிறுத்திவிட்டேன். மந்திரம் சொல்லிக்கொண்டிருப்பவர் முகத்துக்கு நேரே மின்னிக்கொண்டிருப்பது மரியாதையும் இல்லை.

முகம் எடுப்பதற்கு இன்னொரு வழி உண்டு. இந்தக் காலத்து ஃப்ளாஷ்கள் பலவற்றில் ரேடியோ வசதி உள்ளேயே இருக்கிறது. சின்ன ட்ரிக்கர் ஒன்றைக் காமிராவில் மாட்டிவிட்டால், ஃப்ளாஷைத் தனியாக எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். வாங்கும்போதே இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். குடை, பெட்டி என்று கடையில் விற்பதெல்லாம் வாங்க எனக்குக் கட்டுப்படியாகவில்லை. இவருடைய வெள்ளை எட்டு முழ வேஷ்டியை இரண்டாக மடித்துக் கொடியில் தொங்கவிட்டு, ஃப்ளாஷை அதற்குப் பின்னால் நாற்காலியில் வைத்தேன். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை, நிழல் விழும் கன்னத்துக்கு.

அத்தையை உட்கார வைத்தேன். "என்னடி, மாலை போடறதுக்கு இப்பவே படம் எடுக்கிறியா?" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குப் பதில் வரவில்லை. அந்தச் சிரிப்பிலேயே பட்டனை அழுத்திவிட்டேன். மூக்குத்திக் கல் ஒவ்வொன்றும் தெரிகிறது, கன்னத்துச் சுருக்கம் தெரிகிறது, கண் கண்ணாக இருக்கிறது. "என்னை மாதிரியே இருக்கே!" என்று அத்தை அதை வாங்கித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

பிறந்த குழந்தையை எடுக்கிறவர்கள், ஃப்ளாஷை முகத்துக்குக் கிட்டே நேராக வைத்து அடிக்காமல் சீலிங்குக்கு அனுப்புங்கள். பகலென்றால் ஜன்னல் வெளிச்சமே போதும். ஃப்ளாஷ் கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினால் தோல் சுட்டுவிடும். கீழே விழுந்து உடைந்தால் நீங்களோ பையனோ ஸ்க்ரூடிரைவரோடு உட்காராதீர்கள். உள்ளே 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும், பாட்டரியை எடுத்த பின்னாலும். மழைக்காலத்தில் பாட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், இல்லாவிட்டால் கசிந்து பச்சை பூத்துவிடும். மாசத்துக்கு ஒரு முறை பாட்டரி போட்டு ஏழெட்டுத் தடவை முழு சக்தியில் மின்னவிட்டுத் திரும்ப வைப்பது நல்லது. எங்கள் வீட்டில் அமாவாசை விளக்கேற்றிய கையோடு அதையும் செய்துவிடுகிறேன், மறக்காமலிருக்க.