சிப் வாங்குமுன் பைட்டை எண்ணுங்கள்

வௌவாலின் ஒலி பெரும்பாலும் மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் ஒலிக்கிறது. அதைப் பதிவு செய்ய வினாடிக்குச் சில லட்சம் முறை அளக்க வேண்டும். காட்டுயிர் ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஆடியோமாத் என்ற சிறு ஒலிப்பதிவுக் கருவி, கணினியில் செருகினால் யூஎஸ்பி மைக்காகவும் மாறும். அதன் உச்ச வேகம் வினாடிக்கு 3,84,000 அளவீடுகள். ஒவ்வொன்றும் 2 பைட் என்றால், வினாடிக்கு 7,68,000 பைட் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். இத்தனையையும் சுமப்பது 48 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு கார்டெக்ஸ்-எம்4 சிப்.

இதைவிட ஐந்து மடங்கு வேகமானது ஈஎஸ்பி32. ஆனால் அதன் முதல் வகைச் சிப்புக்குள் யூஎஸ்பி கிடையாது. தனியாக ஒரு பாலச் சிப்பை வைத்து, சீரியல் வழியாகத்தான் கணினியோடு பேச வேண்டும். வழக்கமான 1,15,200 பாட் வேகத்தில் அந்த வழியில் போவது வினாடிக்கு 11,520 பைட் மட்டுமே. வேகத்தைக் கூட்டலாம், என்றாலும் வௌவால் மைக்குக்கு அது நம்பத்தக்க வழி அல்ல. வினாடிக்கு ஒருமுறை வெப்பநிலை அனுப்பும் கருவிக்கோ அதுவே தாராளம். மைக்ரோகன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பவர் மெகாஹெர்ட்ஸைப் பார்ப்பதற்கு முன் இந்தப் பைட் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

பல மலிவு சிப்களில் இருப்பது ‘ஃபுல் ஸ்பீட்’ யூஎஸ்பி. பெயருக்கு வினாடிக்கு 12 மெகாபிட். உண்மையில் கிடைப்பது எந்த முறையில் அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. விசைப்பலகை, மவுஸுக்கான ஹெச்ஐடி முறையில் ஒரு மில்லிவினாடிக்கு 64 பைட். டிரைவர் தொல்லை இல்லாததால் மெதுவான சென்சார்களுக்கு இது அருமையான வழி. ஆடியோ சாதனங்களின் ஐசோக்ரோனஸ் முறையில் ஒரு மில்லிவினாடிக்கு 1,023 பைட் வரை இடம் ஒதுக்கலாம். ஆடியோமாத்தின் 768 பைட் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் இதில் தொலைந்த பைட் தொலைந்ததுதான், மறுபடி வராது. பல்க் முறையில் பிழை நேர்ந்தால் மீண்டும் அனுப்பப்படும். எப்போது போய்ச் சேரும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

அங்கேதான் ரேம் வருகிறது. கணினி வேறு வேலையில் மூழ்கிச் சில மில்லிவினாடிகள் தரவை வாங்காமல் இருப்பது சகஜம். அதுவரை தரவைத் தேக்கி வைக்க வேண்டும். ஆர்டுயினோ யூனோவின் ஏடிமெகா328பி சிப்பில் இருப்பது 2 கிலோபைட். வௌவால் மைக்கின் வேகத்தில் அது மூன்று மில்லிவினாடிக்குள் நிரம்பிவிடும். 2021-இல் 4 டாலர் விலையில் வந்த ராஸ்பெர்ரி பை பிகோவின் ஆர்பி2040 சிப்பில் 264 கிலோபைட் இருக்கிறது; யூஎஸ்பியும் உள்ளேயே இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு இன்று இதைப் பரிந்துரைப்பதே நியாயம்.

அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. அனலாக் அளவீட்டுக்கு 12 பிட் என்று சொல்லப்பட்டாலும், நம்பத்தக்கதாகக் கிடைப்பது ஏறத்தாழ 9 பிட்தான். எடை பார்க்கும் லோட் செல் போன்றவற்றுக்கு அது போதாது. 24 பிட் துல்லியத்துக்கென்றே செய்யப்பட்ட ஹெச்எக்ஸ்711 போன்ற தனிச் சிப்பைப் பக்கத்தில் வைப்பதே சரி.

டேட்டாஷீட்டைக் கடைசிப் பக்கம் வரை படிக்காதவர்களை வீழ்த்தும் பள்ளங்களும் உண்டு. ‘புளூ பில்’ போர்டில் உள்ள எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில் யூஎஸ்பியும் வாகனங்களில் பயன்படும் கேன் இணைப்பும் ஒரே 512 பைட் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்க முடியாது. கார் சென்சார் தரவை யூஎஸ்பிக்கு மாற்ற நினைப்பவருக்கு இந்த ஒரு வரியிலேயே திட்டம் நின்றுபோகும்.

விற்பனைக்குக் கொண்டுபோகிறவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு யூஎஸ்பி சாதனத்துக்கும் நிறுவன எண், பொருள் எண் என இரண்டு அடையாளங்கள் தேவை. நிறுவன எண்ணைச் சொந்தமாக வாங்கச் சில ஆயிரம் டாலர் ஆகும். ஆர்பி2040 சிப்பை வைத்துப் பொருள் செய்பவர்களுக்கு ராஸ்பெர்ரி பை நிறுவனம் தன் எண்ணின் கீழேயே பொருள் எண் ஒதுக்கித் தருகிறது.