எழுத வராத நாட்களும் வன்னி எழுத்தும்

எழுதத் தெரிந்தவருக்கும் எழுத வராத காலம் உண்டு. முதல் வரியிலேயே பேனா நின்றுவிடும். எழுதியதை வெட்டி, வெட்டியதைத் திரும்ப எழுதி, கடைசியில் தாள்தான் கசங்கும். இது சோம்பலும் அல்ல, பெரும்பாலும் திறமைக் குறைவும் அல்ல. அமெரிக்க ஆய்வாளர் மைக் ரோஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் 10 பேரின் எழுத்துப் பழக்கத்தை ஆராய்ந்து 1980இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் 5 பேர் எழுதத் திணறியவர்கள். திறமையில் அவர்கள் மற்றவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். முதற் பந்தியிலேயே வாசகரை இழுத்துவிட வேண்டும் என்பது போன்ற விதிகளை மீற முடியாத சட்டமாகப் பிடித்துக்கொண்டதுதான் அவர்களுக்கு வந்த வினை.

வன்னியில் ஒட்டுசுட்டான் போன்ற ஊரில் எழுத உட்காருபவரை மறிக்கும் விதிகள் வேறு. இலக்கியத்துக்குரிய வாழ்க்கை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும்தான் நடக்கிறது, குளமும் காடும் வயலுமாகக் கிடக்கும் ஊரில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் பழையது. வீட்டில் பேசும் தமிழை அப்படியே எழுதினால் மதிக்கமாட்டார்கள் என்ற பயம் அதன் கூடப்பிறந்தது.

இந்த இரண்டுக்கும் வன்னியே பதில் சொல்லியிருக்கிறது. முள்ளியவளைப் பகுதியைச் சேர்ந்த ஆசிரியர் அ. பாலமனோகரன் எழுதிய ‘நிலக்கிளி’ 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. கதை நடக்கும் இடம் தண்ணிமுறிப்பு, முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு குளத்தோரக் காட்டுக் கிராமம். பதஞ்சலியும் கதிராமனும் காடு வெட்டி, வேட்டையாடி, வயல் செய்து வாழ்பவர்கள். அவர்களைப் பெரிய மனிதர்களாக்க ஆசிரியர் முயலவில்லை. காட்டின் பாதைகளும் மனிதரின் பேச்சும் கதையைத் தாங்கிக்கொண்டன. இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, ஈழத்து எழுத்துக்கு வாசகர் பெருகிய காலம் அது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் வாசகர் தேடியது யாழ்ப்பாணத்துக் கதையை மட்டும் அல்ல. நாவலுக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது. தன் ஊரை எழுதத் தயங்குபவர் முதலில் வாசிக்க வேண்டிய புத்தகம் இது.

போருக்குப் பிறகு வந்த தடை இதைவிடக் கடினமானது. 2008, 2009 இடப்பெயர்வுகளில் புத்தகங்களும் கையெழுத்துப் படிகளும் வழியெல்லாம் தொலைந்தன. மீள்குடியேறிய பின் எழுத உட்கார்ந்தவரை, எழுதினால் முழுவதையும் எழுத வேண்டும் என்ற பாரம் அழுத்தியது. இப்படிப்பட்ட பாரத்தோடு எவராலும் முதல் வரியைத் தாண்ட முடியாது. மாறாக, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் முதலில் எதை ஏற்றினார்கள், இடமில்லாமல் எதை முற்றத்தில் விட்டார்கள், தறப்பாள் கொட்டிலில் முதல் மழைக்கு அரிசி மூட்டையை எங்கே வைத்தார்கள் என்று தொடங்கினால் ஒரு பக்கம் தானாக நிரம்பும். தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ 2013இல் வந்தபோது, இடப்பெயர்வின் அன்றாடத்தை வைத்தே பேரழிவைச் சொல்லிவிட முடியும் என்பது தெரிந்தது.

துயரத்தை எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் கசப்பான அனுபவங்களைத் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். எழுதி முடித்த உடனே மனம் கனத்தது. பின்வந்த மாதங்களில் அவர்கள் சுகயீனமென்று மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது. எழுதிய அன்று அழுகை வருவதால் எழுத்து பிழைத்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை. தாங்க முடியாவிட்டால் நிறுத்தலாம். நாளை தொடரலாம், தொடராமலும் விடலாம்.

ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமும் ஒரு தடைதான். சின்ன ஊரில் எந்தப் பாத்திரத்துக்கும் ஆள் காட்டிவிடுவார்கள். தன் நாவல் ஒன்றுக்கு எழுந்த எதிர்ப்பு எல்லை மீறியதால் 2015 ஜனவரியில் தமிழக எழுத்தாளர் பெருமாள்முருகன் எழுத்தையே விட்டுவிட்டதாக அறிவித்தார். அந்த மௌனத்துக்குள் அவருக்கு முதலில் வந்தவை கவிதைகள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பின், அவை ‘கோழையின் பாடல்கள்’ என நூலாகின. அதே ஆண்டில் ‘பூனாச்சி’ நாவலும் வந்தது. யாருக்கும் காட்டாமல் எழுதி வைப்பதும் எழுத்துதான்.

எழுதுவதையும் திருத்துவதையும் ஒரே நேரத்தில் செய்யாதிருப்பது பெரிய உதவி. கதையை நடுவிலிருந்து தொடங்கலாம், தொடக்கம் பிறகு வரும். பாதியில் நின்றதைத் தோல்வியென்று கட்டிவைக்க வேண்டாம்: சுந்தர ராமசாமி ‘ஒரு புளியமரத்தின் கதை’யை 1959இல் ‘சரஸ்வதி’ இதழில் தொடராகத் தொடங்கினார், அது நின்றுபோய், 1966இல்தான் முழு நாவலாக வந்தது.

வன்னிப் பாடசாலைகளில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டுப் பேச்சில் எழுதிக் கொண்டுவரும் முதற் படியில் சிவப்பு மை வைக்காதீர்கள். எழுத்துப்பிழையை இரண்டாம் படியில் பார்த்துக்கொள்ளலாம்.