ஹெபடைடிஸ் பி: புதிய மருந்துச் சோதனையில் சேரலாமா?

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் ஊரில் யாரும் சொல்லித் தர வேண்டாத வைத்தியம். அந்தச் செடியை ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிராக முறைப்படி சோதித்துப் பார்த்தவர்களும் சென்னைக்காரர்கள்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், இந்தக் கிருமி பற்றிய கண்டுபிடிப்புக்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் புளூம்பெர்க்குடன் சேர்ந்து, 1988இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். கீழாநெல்லி மருந்தை 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு, கிருமியின் அடையாளமான மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்திருந்தது. ஒப்பிடுவதற்காக மருந்துச் சத்தில்லாத வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது.

ஆனால் 1990இல் தாய்லாந்து மருத்துவர்கள் சோதித்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. பல ஆய்வுகளை அலசிய காக்ரேன் அமைப்பின் 2011ஆம் ஆண்டு அறிக்கையும், நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடித்தது. அதனால் முதல் சோதனையில் சேர்ந்தவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்றாகாது. மருந்துச் சோதனையில் சேருபவர், விடை தெரியாத ஒரு கேள்விக்குத் தன் உடலைத் தருகிறார். அந்தக் கேள்வி என்ன, ஆபத்து என்ன, கெடுதல் நேர்ந்தால் யார் பொறுப்பு என்று அறிய அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

முதலில் கையிலுள்ள சிகிச்சை

வடசென்னையில் ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒப்பந்தக் கூலிகளாக உழைப்பவர்கள் பலர். அவர்களில் ஒருவர் வளைகுடா வேலைக்கு முயன்று, அதற்கான மெடிக்கலில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தால் ‘அன்ஃபிட்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். அப்படி மனமொடிந்து நிற்பவரிடம் “ஒரே மாதத்தில் நெகட்டிவ் ஆக்கித் தருகிறோம்” என்று ஒருவர் வந்தால் நம்பத்தான் தோன்றும். நம்ப வேண்டாம்.

கிருமியை உடலிலிருந்து அடியோடு நீக்கும் உறுதியான மருந்து இன்றுவரை இல்லை. அதன் மரபணு கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் பதுங்கிக்கொள்வதே காரணம். ஆனால் டெனோஃபோவிர், என்டகாவிர் மாத்திரைகள் கிருமியை அடக்கி வைத்து, கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் ஆகியவற்றின் வாய்ப்பைக் குறைக்கின்றன. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் குடல், கல்லீரல் நோய்ப் பிரிவில் விசாரியுங்கள். கிருமி உள்ள எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. வைரஸ் அளவையும் கல்லீரல் நிலையையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். வீட்டிலுள்ளவர்களும் ரத்தம் பார்த்து, தேவையானால் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி அவசியம்.

எங்கே தேடுவது?

இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளின் அரசுப் பதிவேடு சி.டி.ஆர்.ஐ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2007 முதல் இயங்குகிறது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். சித்த மருத்துவச் சோதனைகளும் அதில் உண்டு. நோயின் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடினால், எந்த மருத்துவமனையில் நடக்கிறது, பொறுப்பு மருத்துவர் யார், இன்னும் ஆள் சேர்க்கிறார்களா, யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்பதெல்லாம் வரும். கல்லீரல் சுருக்கமோ, எச்.ஐ.வி. தொற்றோ இருந்தால் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். பெயின்ட், கரைப்பான், டேங்க் சுத்தம் போன்ற வேலை பார்ப்பவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில ரசாயனங்களே கல்லீரலைக் கெடுக்கும் என்பதால், பழியை மருந்தின் மேல் போடுவதா வேலையின் மேல் போடுவதா என்ற குழப்பம் பின்னால் வரும்.

பதிவேட்டில் இல்லாத ‘ட்ரையல்’ என்றாலோ, மருந்துக்குப் பணம் கேட்டாலோ விலகிவிடுங்கள்.

எதிர்பார்ப்பும் ஆபத்தும்

இப்போது பெரிதாகப் பேசப்படும் பெபிரோவிர்சென் ஊசியின் இரண்டாம் கட்டச் சோதனை முடிவு 2022இல் வெளியானது. 24 வாரம் வாராவாரம் ஊசி போட்டு நிறுத்திய பிறகு, நல்ல பலன் கண்ட பிரிவிலேயே நூற்றுக்கு 9 அல்லது 10 பேருக்குத்தான் கிருமியின் அடையாளம் மறுபடி தலைகாட்டாமல் இருந்தது. அறிவியலுக்கு அது முன்னேற்றம். சேரும் தனி மனிதருக்கோ, பலன் கிடைக்காமல் போகவே வாய்ப்பு அதிகம்.

ஆபத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1993இல் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தில் நடந்தது சாட்சி. ஃபியாலூரிடின் என்ற ஹெபடைடிஸ் பி மருந்தைச் சாப்பிட்ட 15 பேரில் 7 பேருக்குக் கல்லீரல் கடுமையாகப் பழுதானது. ஐந்து பேர் இறந்தார்கள். இருவர் மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார்கள். நச்சு பல வாரம் கழித்தே வெளியே தெரிந்தது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: சாப்பிட்டுவரும் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் கிருமி மீண்டும் கிளம்பிக் கல்லீரலைத் தாக்கலாம். சோதனைக்காக அதை நிறுத்தச் சொன்னால் ஏன், எத்தனை நாள், யார் கண்காணிப்பார்கள் என்று கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன்

2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்பில் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற பெண்களின் நிலை 2007இல் அம்பலமானது. வயிற்றுப்பாட்டுக்காகப் போடும் கையெழுத்து மனமறிந்த சம்மதம் ஆகாது என்பதை வடசென்னைக்கு யாரும் விளக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்துச் சோதனை விதிகள் இதற்காகவே சில காப்புகளை வைத்துள்ளன.

- விளக்கத்தாளும் ஒப்புதல் படிவமும் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். நகல் உங்கள் கைக்கு வர வேண்டும்.
- எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சோதனையோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும்.
- எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம். வழக்கமான சிகிச்சையை அதற்காக மறுக்கக் கூடாது.
- சோதனைக்குப் பதிவுபெற்ற நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை. அதில் குறைந்தது ஏழு பேர் இருப்பார்கள். மருத்துவம் சாராத பொதுமக்கள் தரப்பு உறுப்பினர் ஒருவரும் உண்டு.

பயணச் செலவும் இழந்த நாள் கூலியும் தரலாம் என்று மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆசை காட்டும் அளவுக்குப் பணம் தருவதை அது ஏற்பதில்லை. வெற்று மருந்துப் பிரிவில் விழுந்தால் டெனோஃபோவிர் தொடருமா, சோதனை முடிந்த பின் மருந்து கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கெடுதல் நேர்ந்தால்

சோதனையால் உடல் பாதிக்கப்பட்டால் தேவைப்படும்வரை, அல்லது சோதனை காரணமல்ல என்று நிரூபணமாகும்வரை, இலவச சிகிச்சை தர வேண்டும். காரணம் உறுதியானால் இழப்பீடு தனி. இறப்புக்கான கணக்கு 8 லட்சம் ரூபாய் அடிப்படைத் தொகையில் தொடங்கி, வயது, நோயின் தீவிரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். வழக்கமான சிகிச்சை இருந்தும் அதைத் தராமல் வெற்று மருந்து கொடுத்ததால் வந்த பாதிப்பும் இழப்பீட்டுக்குள் அடங்கும். கடும் பாதிப்பை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். இழப்பீட்டு உத்தரவு வந்த 30 நாளில் பணம் வர வேண்டும்.

தாமதித்தால் முதலில் நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள். அடுத்து மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் சென்னை அலுவலகம், நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன். வழக்குக்குப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. உதவி எண் 15100. சேர்ந்த நாள் முதல் விளக்கத்தாள், படிவ நகல், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்து, வீட்டில் ஒருவருக்காவது அது இருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள். கோரிக்கை வைக்கும் நாளில் அவைதான் உங்கள் ஆதாரம்.