சித்தூர்ச் சீமையில் ஆசிரியராகும் வழி

திருத்தணியில் பேருந்து ஏறி ஆந்திரத்தை நோக்கிப் புறப்படுபவர் சிறிது நேரத்திலேயே நகரியை அடைந்துவிடுவார். இடையில் ஒரு மாநிலம் முடிந்து மற்றொரு மாநிலம் தொடங்குகிறது. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. கடைக்குள் கேட்கும் பேச்சு அவ்வளவாக மாறுவதில்லை. நகரி, சத்தியவேடு, குப்பம் ஆகிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்கள் எங்கிருந்தோ குடிபெயர்ந்து வந்தவர்கள் அல்லர். எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிச் சென்றது.

சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அமைந்தது. வட ஆற்காட்டின் சில வட்டங்களும் கடப்பையின் சில வட்டங்களும் அதில் சேர்ந்தன. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அம்மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. பின்னர் பட்டாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டம் முதலிய பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு மீண்டன. எஞ்சியவை அங்கேயே நின்றன. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. அங்கே ஒரு தமிழ் இளைஞரோ இளம்பெண்ணோ அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் கற்பிக்கும் ஆசிரியராக விரும்பினால் எத்தகைய வழியில் நடக்க வேண்டியிருக்கிறது என்பதை இங்கே விளக்க முற்படுகிறேன்.

முதலில் பயிற்சி. தொடக்கப் பள்ளிக்கு இரண்டாண்டுப் பட்டயம் வேண்டும். உயர்நிலைப் பள்ளிக்குப் பட்டமும் அதன்மேல் பி.எட். பயிற்சியும் வேண்டும். பி.எட். முன்பு ஓராண்டுப் படிப்பு. 2015 முதல் இரண்டாண்டு. சித்தூர்ப் பகுதியில் கார்வேட்டிநகரத்தில் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. திருப்பதியில் 1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆகவே பயிற்சிக்கு இடமில்லை என்று எவரும் குறை கூற முடியாது. தொல்லை பயிற்சி முடிந்த பின்னரே தொடங்குகிறது.

கட்டாயக் கல்விச் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்ததும், தேசிய ஆசிரியர் கல்விக் குழு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பயிற்சிச் சான்றிதழ் மட்டும் போதாது. எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க விரும்புவோர் தகுதித் தேர்விலும் வெற்றி பெற வேண்டும் என்றது அது. 150 வினாக்கள், 150 மதிப்பெண்கள். பொதுப் பிரிவினர் நூற்றுக்கு 60 விழுக்காடு பெற வேண்டும். ஆந்திரத்தில் பிற்பட்டோருக்கு 50, பட்டியலினத்தவருக்கு 40. முதல் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்க ஆந்திரத் தேர்விலும் இடமுண்டு. இத்தேர்வின் சான்று முன்பு ஏழாண்டுகளே செல்லும். 2021-இல் அதை வாழ்நாள் முழுவதும் செல்லத்தக்கதாக்கினார்கள். ஆனால் இத்தேர்வில் வென்றவருக்கு வேலை கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. வேலைக்கு டி.எஸ்.சி. எனப்படும் மற்றொரு தேர்வு இருக்கிறது. அதில் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணுக்கு நூற்றுக்கு 20 பங்கு மதிப்பளித்து, எஞ்சிய 80 பங்குக்கு மீண்டும் ஒரு பரீட்சை வைக்கிறார்கள்.

டி.எஸ்.சி. என்பது ஆண்டுதோறும் நடப்பதன்று. எப்பொழுது வரும் என்று சோதிடரைத்தான் கேட்க வேண்டும். 2018-இல் ஒன்று வந்தது. அதற்கடுத்து நியமனம் வரை சென்றது 2025-இல் நடந்ததுதான். இடையில் 2024 பிப்ரவரியில் 6,100 இடங்களுக்கு அறிவிப்பு வெளியாயிற்று. பி.எட். படித்தவர்கள் தொடக்கப் பள்ளி இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதில் கண்டிருந்தது. ஆனால் அவ்வாறு செய்வது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டிலேயே தீர்ப்பளித்திருந்தது. வழக்கு எழுந்தது; உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. 2025 ஏப்ரலில் 16,347 இடங்களுக்குப் புதிய அறிவிப்பு வெளியாகி, அவ்வாண்டு செப்டம்பரில் நியமன ஆணைகள் வழங்கப்பட்டன. 2018-இல் பயிற்சி முடித்து, அவ்வாண்டுத் தேர்வில் இடம் தவறியவர் ஏழாண்டு காத்திருந்தார் என்று பொருள்.

ஏழாண்டு என்பதையும் குறைவென்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். 1998-ஆம் ஆண்டு டி.எஸ்.சி. தேர்வில் தகுதி பெற்றும் வேலை கிடைக்காமல் வழக்காடிய பல்லாயிரவர்க்கு 2022-ஆம் ஆண்டில்தான் அரசு இணங்கியது. அதுவும் ஒப்பந்த முறையில், குறைந்தபட்ச ஊதிய விகிதத்தில். இருபத்தைந்து வயதில் தேர்வு எழுதியவர் ஐம்பதை எட்டிய நிலையில் கரும்பலகையின் முன் நின்றார். இடைப்பட்ட காலத்தில் அவர் குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது என்பதை எந்த அரசாணையும் கூறுவதில்லை.

இவையெல்லாம் தெலுங்கருக்கும் தமிழருக்கும் பொதுவான தொல்லைகள். எல்லையோரத் தமிழருக்கென்றே அமைந்த தொல்லை வேறொன்று உண்டு. அதுதான் 'உள்ளூர்க்காரர்' என்னும் விதி. 1975-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின்படி மாவட்ட அளவிலான ஆசிரியப் பணியிடங்களில் நூற்றுக்கு 80 அம்மாவட்டத்தாருக்கே உரியவை. 2025-ஆம் ஆண்டுத் தேர்விலும் இவ்விகிதமே பின்பற்றப்பட்டது. பின்தங்கிய பகுதியினரின் வேலைகளைப் பிறர் கவர்ந்துவிடாமல் காப்பது இவ்வாணையின் நோக்கம். அந்நோக்கத்தில் குறை காண இயலாது. ஆனால் உள்ளூர்க்காரர் யார்? பொதுவாக, பள்ளி இறுதித் தேர்வு எழுதிய ஆண்டோடு முடியும் நான்கு ஆண்டுகளாவது தொடர்ந்து அம்மாவட்டத்தில் படித்தவரே உள்ளூர்க்காரர். பிறந்த வீடும் பாட்டனார் நிலமும் அங்கே இருப்பது கணக்கில் வராது.

என் சிற்றன்னையின் பேத்தி ஒருத்தி நகரிக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்பு வரை உள்ளூரில் தமிழில் படித்தாள். அடுத்துச் சேர வேண்டிய பள்ளியில் தமிழ் வழியில் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இல்லை. இடம் இருந்தது, ஆள் இல்லை. தகப்பனார் அவளைத் திருத்தணிப் பள்ளியில் சேர்த்தார். ஐந்தாண்டுகள் காலையில் எல்லை தாண்டிப் போய் மாலையில் வீடு திரும்பினாள். பிறகு திருப்பதியில் பட்டமும் பி.எட்.டும் முடித்தாள்; தகுதித் தேர்விலும் வென்றாள். டி.எஸ்.சி. விண்ணப்பத்தில் அவள் 'வெளியூர்க்காரி' ஆனாள். தமிழ்வழி இடங்களோ மிகச் சில. அவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கே அவள் போட்டியிடலாம். அந்தப் பங்கிலும் உள்ளூரார் போட்டியிடத் தடையில்லை. தமிழ்நாட்டுக்குச் சென்றாலோ, சொந்த மாநிலத்துக்கு வெளியே இட ஒதுக்கீட்டுச் சலுகை பொதுவாகச் செல்வதில்லை. ஆசிரியர் இல்லாமையால் எல்லை தாண்டிப் படித்த பெண், எல்லை தாண்டிப் படித்தமையால் அந்த ஆசிரியர் இடத்தை அடைய முடியவில்லை. இப்பொழுது ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில வழியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்.

இதே பகுதியில் பிறந்த ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ஆம் நாள் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுவதற்குக் காரணமான டாக்டர் இராதாகிருஷ்ணன் 1888-இல் திருத்தணியில் பிறந்தார். திருப்பதி மிஷன் பள்ளியில் படித்தார். வேலூரிலும் சென்னையிலும் மேற்படிப்பை முடித்தார். எம்.ஏ. பட்டம் பெற்று மாநிலக் கல்லூரியில் பணியில் அமர்ந்த பின்னரும் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற நேர்ந்தது. அன்று அவ்வூர்கள் யாவும் ஒரே மாகாணம். இன்று அதே வழியில் ஒரு மாணவர் நடந்தால் இருமுறை மாநிலம் மாறுவார். எந்த ஊருக்கு உரியவர் என்று மெய்ப்பிக்கச் சான்றிதழ்க் கட்டோடு அலைவார்.

இதில் பணயமாக இருப்பது ஒருவருடைய வேலை மட்டுமன்று. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவு 1956 முதல் கூறுகிறது. வகுப்பில் 10 பிள்ளைகளோ பள்ளியில் 40 பிள்ளைகளோ இருந்தால் தாய்மொழி ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று 1949-இலேயே கல்வி அமைச்சர்கள் கூடி முடிவு செய்தார்கள். ஆசிரியர் இடம் ஓராண்டு காலியாக இருந்தால் நான்கு குடும்பங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றும். இரண்டாண்டு இருந்தால் பத்துப் பேர் என்னும் எண்ணிக்கையே குறைந்துவிடும். பிறகு இடத்தை நிரப்பக் காரணமே இராது. பள்ளியை எவரும் மூட வேண்டியதில்லை. அது தானே மூடிக்கொள்ளும்.

வெளி மாநிலங்களில் வாழும் அன்பர்களின் பிள்ளைகளுக்கு இவ்விஷயத்தில் ஒரு வசதி உண்டு. மத்திய அரசின் தகுதித் தேர்வில் தமிழை ஒரு மொழியாக எடுத்து எழுதலாம். கேந்திரிய வித்தியாலயம் முதலிய மத்திய அரசுப் பள்ளிகளுக்கு அச்சான்று செல்லும். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் முதல் நாள் தீர்ப்பளித்திருக்கிறது. சித்தூர், திருப்பதிப் பக்கம் உறவினர் உள்ளவர்கள் அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுதும்போது, நான்காம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்றிதழை இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பள்ளி மாற்ற நினைக்கும் பெற்றோர், மாற்றுவதற்கு முன் அந்த நான்காண்டுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.