மோட்டார் ஓடாத மலை

கோடை விடுமுறை நெருங்கினால் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான்: ஊருக்கு எப்போது புறப்படுவது? சொந்த ஊர் செல்வது அவசியமே. ஆயினும் சேர்ந்த விடுப்பும் சேர்த்த பணமும் ஆண்டுதோறும் அந்த ஒரு பிரயாணத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. நாம் குடியிருக்கும் மண்ணின் அழகை நம் குழந்தைகள் பாடப் புத்தகத்தில் மட்டுமே காண்கிறார்கள்.

பனியில் சறுக்கி விளையாடக் காஷ்மீரத்துக் குல்மார்க் வரை குடும்பத்தோடு செல்வது எல்லோருக்கும் இயலாது. ஆனால் புனேயிலிருந்து ரயிலிலேயே எட்டிவிடக்கூடிய மாத்தேரான் மலை யாவருக்கும் இயலும்.

சுமார் 800 மீட்டர் உயரமுள்ள இம்மலையை 1850-ஆம் ஆண்டில் தாணா ஜில்லாக் கலெக்டர் ஹ்யூ மாலெட் வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார். மராத்தியில் 'மாத்தா' என்றால் தலை. 'ரான்' என்றால் காடு. மலையின் தலையில் அமைந்த காடு என்பது பொருள். பள்ளியில் மராத்தி பயிலும் பேரனே இதைப் பாட்டிக்கு விளக்கிச் சொல்வான்.

இங்குள்ள தனிச்சிறப்பு, மோட்டார் வண்டிகள் தஸ்தூரி என்னுமிடத்திலேயே நின்றுவிடுவதுதான். அதற்கப்பால் நடையும் குதிரையும் சிறு ரயிலுமே முக்கிய வாகனங்கள். புகையும் இரைச்சலும் இல்லை. குதிரைகளுக்கு மட்டும் ஒதுங்கி நடந்தால் போதும்.

புனேயிலிருந்து செல்வோர் கர்ஜத்தில் நிற்கும் வண்டியில் சென்று இறங்கி, அங்கிருந்து உள்ளூர் ரயிலில் நேரல் சேரலாம். நேரலில் சிறு ரயில் காத்திருக்கும். ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தாரின் முயற்சியால் 1904-ல் தொடங்கி 1907-ல் திறக்கப்பட்ட இந்த இருப்புப் பாதையின் அகலம் இரண்டே அடி. சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தை ஏற இரண்டரை மணி நேரத்திற்கு மேலாகும். வளைவுதோறும் குழந்தைகள் துள்ளுவார்கள். 2019-ல் நின்றுபோன முழுப் பாதைப் போக்குவரத்து 2022 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. மழைக்காலத்தில் நேரல் வண்டி ஓடாது. தஸ்தூரியை அடுத்த அமன் லாட்ஜிலிருந்து மலையூர் வரை மட்டும் ஓடும்.

எக்கோ பாயிண்டில் குழந்தைகள் தம் பெயரைக் கூவி எதிரொலி கேட்கலாம். சார்லட் ஏரிக்கரையில் பெரியோர் பிசர்நாத் சிவாலயத்தைத் தரிசிக்கலாம். ஏரி நீர் குடிநீராதலால் அதில் இறங்குதல் கூடாது. மாலையில் போர்க்குபைன் பாயிண்டில் சூரியாஸ்தமனம் காணலாம். புளியோதரைப் பொட்டலத்தைக் குரங்குகளிடமிருந்து காப்பது இல்லத்தரசிகளின் பொறுப்பு! பாதை செம்மண்ணாதலால் வெள்ளை வேட்டி வேண்டாம்.

முதியோரை அழைத்துச் செல்வது எவ்வாறு என்ற கேள்வி எழலாம். நெடுங்காலம் மனிதர்களே இழுத்த கைரிக்ஷாக்கள் இங்கு இருந்தன. தமிழ்நாட்டில் 1973-லேயே ஒழிந்த அவ்வழக்கத்தை, மாத்தேரானில் ஆறு மாதத்திற்குள் நிறுத்துமாறு 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அது நியாயமே. நம் வீட்டுப் பெரியவரின் சௌகரியத்திற்காக, இன்னொருவர் வீட்டுப் பிள்ளை மாடுபோல் இழுக்க வேண்டியதில்லை. சிறு ரயில் கடைவீதிக்கே கொண்டு சேர்க்கும். அங்கிருந்து அவர்களின் நடைக்கு நம் நடையைத் தாழ்த்திக்கொள்வோம். வாரநாட்களில் நம் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுகிறோம். மூன்று தலைமுறையும் ஒரே வேகத்தில் நடக்க இம்மலையில் ஒரு நாள் கிடைக்கிறது. ஊர்ப் பயணத்திற்கு எடுத்துவைக்கும் விடுப்பில் இரண்டு நாளை இதற்கென ஒதுக்குங்கள்.