ஒரு தம்பிடிக் காணிக்கை

காசிக்குச் செல்லும் வழிகள் பல. விமானத்தில் இறங்கி, உயர்தர ஹோட்டலில் தங்கி, விசேஷ தரிசனச் சீட்டுப் பெற்று, ஒரே நாளில் விசுவநாதரைக் கண்டு திரும்புவோர் உளர். முதுகிலே ஒரு பையைச் சுமந்து, சாதாரண வகுப்பு ரெயிலில் நெருக்குண்டு வந்து, சத்திரத்திலோ மலிவான விடுதியிலோ தங்கி, சந்து சந்தாக நடந்து நகரத்தைப் பார்க்கும் வாலிபர்களும் உளர். இவ்விருவருள் புனித நகரத்தை உள்ளபடி காண்பவர் பின்னவரே என்பது நமது துணிபு. இத்துணிபுக்கு ஆதாரமாக ஒரு பெரியாரின் யாத்திரையை ஈண்டு நினைவூட்ட விரும்புகிறோம்.

1902-ஆம் வருஷத்துத் தொடக்கம். கல்கத்தாக் காங்கிரஸ் முடிந்து, கோகலேயின் விருந்தினராக ஒரு மாத காலம் தங்கியிருந்த மோகனதாஸ் கரம்சந்த் காந்தி, ராஜகோட்டைக்குத் திரும்ப எண்ணினார். அப்போது அவருக்கு வயது 32. இங்கிலாந்தில் பயின்ற பாரிஸ்டர். தென்னாப்பிரிக்காவில் நற்பெயர் பெற்றவர். முதல் வகுப்பில் செல்ல அவருக்கு வசதியில்லாமல் இல்லை. ஆயினும் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள் படும் பாட்டைத் தாமே அநுபவித்து அறிய வேண்டுமென்று அவர் உறுதி பூண்டார். 12 அணா விலையில் ஒரு கித்தான் பை; அதில் ஒரு கம்பளிச் சட்டை, ஒரு வேஷ்டி, ஒரு துண்டு, ஓர் உட்சட்டை; போர்த்துக்கொள்ள ஒரு கம்பளி; ஒரு தண்ணீர்க் கூஜா. கோகலே கொடுத்த பித்தளைப் பாத்திரத்தில் லட்டும் பூரியும். வழியனுப்பக் கோகலேயும், ரஸாயன நிபுணர் பிரபுல்ல சந்திர ராயும் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்கள்.

காசி, ஆக்ரா, ஜயப்பூர், பாலன்பூர் ஆகிய நான்கு ஊர்களிலும் அவர் ஒவ்வொரு நாள் தங்கினார். பாலன்பூர் நீங்கலாக, தங்கியவை தர்மசாலைகளும் பண்டாக்களின் வீடுகளுமே. ரெயில் கட்டணம் உட்பட மொத்தச் செலவு 31 ரூபாய்க்கு மேற்படவில்லை.

காசியில் அவருக்கு வாய்த்த பண்டா நல்லவர். ஒன்றேகால் ரூபாய்க்கு மேல் தக்ஷிணை தர இயலாதென்று முன்கூட்டியே சொல்லியும், அவர் முறை வழுவாது பூஜை செய்வித்தார். ஆனால் விசுவநாதர் ஆலயம் அளித்த அநுபவம் வேறு. குறுகிய, வழுக்கும் சந்து, ஈக்களின் மொய்ப்பு, கடைக்காரர்களின் கூச்சல், அழுகிய மலர்களின் நாற்றம். ஞானவாபியில் அவர் ஒரு தம்பிடி காணிக்கை வைத்தார். அங்கிருந்த பூசாரி சினந்து அதை வீசியெறிந்து, நரகத்துக்குப் போவாயென்று சபித்தார். வேண்டாமென்றால் அதுவும் உமக்கில்லை என்று காந்தி தம்பிடியை எடுத்துக்கொண்டு நடந்தபோது, அதே பூசாரி கூப்பிட்டு வாங்கிக்கொண்டார்!

இதைச் சிரித்துவிட்டுப் போகும் கதையாக நாம் கொள்ளலாகாது. ஒரு பொன் மோஹராவை வைத்திருந்தால் காந்திக்குக் கிடைத்திருப்பது ஆசீர்வாதம். ஒரு தம்பிடி வைத்ததனாலேயே, ஏழை யாத்திரிகன் நாள்தோறும் கேட்கும் மொழியை அவர் கேட்டார். செல்வனுக்கு ஒரு முகமும் ஏழைக்கு வேறொரு முகமும் காட்டும் ஸ்தலத்தின் உண்மையைத் தெரிந்துகொள்ள ஏழையின் கைக்காசுடன் செல்வதைத் தவிர வேறு மார்க்கம் ஏது?

அந்த அறிவு வீண்போகவில்லை. 1916 பிப்ரவரியில் ஹிந்து சர்வகலாசாலையின் தொடக்க விழாவில், நவரத்தினங்கள் மின்ன அமர்ந்திருந்த மகாராஜாக்களின் முன்னிலையில், விசுவநாதர் கோயிற் சந்துகளின் அசுத்தத்தைக் காந்தி எடுத்துரைத்தார். நம் ஆலயங்களையே சுத்தமாக வைத்துக்கொள்ள இயலாத நாம் சுயராஜ்யத்தை எங்ஙனம் நடத்துவோம் என்பதே அவர் எழுப்பிய பிரச்னை. பேச்சை முடிக்கவும் அவரை விட்டார்களில்லை. அந்தச் சந்தில் காலால் நடந்தவரன்றோ அதைப் பேசும் உரிமை பெற்றவர்!

இன்று அச்சந்துகள் பெரும்பாலும் இல்லை. 1983-இல் சர்க்கார் சட்டமியற்றி ஆலய நிர்வாகத்தை ஏற்றது. 2021 டிசம்பரில் ஆலயத்திலிருந்து கங்கைக் கரை வரை அகன்ற வளாகம் திறக்கப்பட்டது. சுமார் 3,000 சதுர அடியாக இருந்த இடம் 5 லக்ஷம் சதுர அடியாக விரிந்ததென்பது சர்க்கார் கணக்கு. சுத்தமும் விசாலமும் வரவேற்கத்தக்கவையே. ஆனால் வழி அகன்றதனால் மட்டும் தம்பிடிக்கும் பொன்னுக்கும் இடையிலுள்ள பேதம் ஒழிந்துவிடுமா? பணங்கொடுத்தவனுக்கு விரைவான தரிசனம், கொடாதவனுக்கு நீண்ட வரிசை என்ற ஏற்பாடு இருக்கும் வரையில் 1902-இன் கேள்வி உயிருடனிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

காசியிலேயே இக்கேள்விக்கு விடையுமுண்டு. பாபு சிவபிரசாத குப்தர் எழுப்பிய பாரதமாதா ஆலயத்தில் விக்கிரகம் இல்லை. சலவைக்கல்லில் செதுக்கிய அகண்ட பாரதத்தின் படமே உள்ளது. ஜாதி மத பேதமின்றி எல்லோருக்கும் உரிய அவ்வாலயத்தை 1936-இல் திறந்துவைத்தவர், 34 வருஷங்களுக்கு முன் அதே நகரில் ஒரு தம்பிடிக்காகச் சபிக்கப்பட்ட அந்த யாத்திரிகரே. மௌரிய அசோகனின் சிங்கத் தூண் கண்டெடுக்கப்பட்ட ஸாரநாதமும் அருகிலேயே இருக்கிறது. புத்தர் அங்கே ஐந்து துறவிகளுக்குத் தருமத்தைப் போதித்தபோது தக்ஷிணை கேட்டாரில்லை.

மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-இல் மறைந்தது. அதில் சென்றவர்கள் மறையவில்லை. படித்தவர்கள் மூன்றாம் வகுப்பிலேயே பிரயாணம் செய்து, ஜனங்களின் பழக்கங்களைத் திருத்தவும், அதிகாரிகளை ஓயாது தட்டியெழுப்பவும் வேண்டுமென்பது காந்தியின் யோசனை. பொதுப்பணியில் ஈடுபட்ட அன்பர்களுக்கு அதையே நாமும் கூறுகிறோம். பையைத் தோளில் மாட்டுங்கள். விசேஷச் சீட்டை விலக்குங்கள். வரிசையின் கடைசியில் நில்லுங்கள். அங்கே உங்கள் முன் நிற்பவனின் முகத்தில் தேசத்தைப் பார்க்கலாம்.