வெள்ளி மாம்பழம் நிஜ வெள்ளிதானா?

உங்க வீட்டுப் பூஜை அலமாரியிலோ ஷோகேஸிலோ ஒரு வெள்ளிப் பழம் இருக்கலாம். மாம்பழ வடிவத்துல குங்குமச் சிமிழ், ஆப்பிள், அன்னாசி, இல்லைன்னா கல்யாணத்துக்கு வந்த வெள்ளித் தேங்காய். பல வருஷமா "வெள்ளி, வெள்ளி"ன்னு சொல்லி வச்சிருப்போம். ஒரு நாள் அவசரத்துக்கு விற்கவோ அடகு வைக்கவோ எடுத்துப் போகும்போதுதான் அது வெள்ளியா, முலாமா, ஜெர்மன் சில்வரா என்ற கேள்வியே வரும். அப்போ கடைக்காரர் சொல்றதுதான் தீர்ப்பு. அதுக்கு முன்னாடி நாமே எவ்வளவு தெரிஞ்சுக்க முடியும்?

முதலில் ஒரு விஷயம். ஜெர்மன் சில்வர் என்ற பெயரில்தான் சில்வர் இருக்கிறது, பொருளில் துளி வெள்ளி கிடையாது! செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த உலோகக் கலவை அது. பளபளப்பு மட்டும் வெள்ளி மாதிரி.

பழத்தைக் கையில் எடுத்ததும் முத்திரையைத் தேடுங்க. அடிப்பக்கம், மூடியின் உள்பக்கம், காம்பு ஒட்டின இடம், இங்கெல்லாம் லென்ஸ் வைத்துப் பாருங்க. இந்தியாவில் வெள்ளிக்கு ஹால்மார்க் 2005-ல் தொடங்கியது. பி.ஐ.எஸ். முக்கோணச் சின்னமும் 925, 990 மாதிரி ஒரு தூய்மை எண்ணும் இருக்கும். 925 என்றால் ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளக் குறி வந்திருக்கிறது. அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் சின்னம் எதுவும் இல்லாமல் வெறும் "92.5" என்று குத்தியிருந்தால் அது விற்றவர் வாய்ச்சொல் மாதிரிதான். பாட்டி காலத்துப் பொருளில் ஹால்மார்க் இருக்காது. அதனால் அது போலி என்று ஆகிவிடாது.

வெளிநாட்டிலிருந்து வந்த பழமா? நடக்கிற சிங்கம் பொறித்திருந்தால் அது இங்கிலாந்து ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது 925. இ.பி.என்.எஸ். என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால் ஆசைப்படாதீங்க. அது ஜெர்மன் சில்வர் மேல் மின்முலாம் பூசினது.

முலாமைக் கண்டுபிடிக்கத் தேய்மானம்தான் நல்ல சாட்சி. இலையின் ஓரம், காம்பு நுனி, தரையில் உட்காரும் அடிப்பாகம், இவைதான் முதலில் தேயும். அங்கே சிவப்பாகவோ மஞ்சளாகவோ எட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு அல்லது பித்தளை. கறுத்துப் போயிருப்பதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம். காற்றிலிருக்கும் கந்தகச் சேர்மங்களால் நல்ல வெள்ளியும் கறுக்கும். அது சில்வர் சல்பைடு.

காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது, சரி. ஒட்டாவிட்டால்? செம்பும் பித்தளையும்கூட ஒட்டாதே! ஐஸ் கட்டியை வைத்து, சீக்கிரம் உருகினால் வெள்ளி என்பார்கள். வெப்பத்தைக் கடத்துவதில் வெள்ளிதான் முதல், உண்மை. ஆனால் செம்பு அதற்குக் கொஞ்சம்தான் பின்னாடி. முலாம் பூசின செம்பு மாம்பழம் இந்தப் பரீட்சையில் ஜம்முன்னு பாஸ் ஆகிவிடும். என்னைக் கேட்டால் இந்த இரண்டும் பொழுதுபோக்குதான்.

உருப்படியான சோதனை நம்ம பாடப் புத்தகத்திலேயே இருக்கு. ஆர்க்கிமிடிஸ்! வெள்ளியின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 10.49 கிராம். செம்பு 8.96. பித்தளையும் ஜெர்மன் சில்வரும் எட்டரையை ஒட்டி. இந்த இடைவெளிதான் நமக்கு வேண்டியது.

எங்க தெருவில் ஒரு பாட்டி, பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்காக, சீரோடு வந்த மாம்பழச் சிமிழை ஒரு கடைக்கு எடுத்துப் போனாங்க. கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஜெர்மன் சில்வர் பாட்டி, பித்தளை விலைக்குத்தான் எடுக்க முடியும்"னு சொல்லிட்டாங்க. பாட்டிக்கு முகமே செத்துப் போச்சு. "எங்க அப்பா ஏமாந்துட்டாரா, இல்ல என்னை ஏமாத்திட்டாரா"ன்னு ராத்திரி பூரா புலம்பல். பேத்தி ஒரு சின்ன டிஜிட்டல் தராசை இரவல் வாங்கினாள். சிமிழ் எடை 124 கிராம். பிறகு தராசின் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்கினாள். சிமிழைத் திறந்து, நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தண்ணீருக்குள் முழுசாகத் தொங்கவிட்டாள். தராசு காட்டியது 12 கிராம். அதாவது உலோகம் 12 கன செ.மீ. தண்ணீரை விலக்குகிறது. 124-ஐ 12-ஆல் வகுத்தால் 10.33. ஜெர்மன் சில்வராக இருந்தால் தராசு 14 கிராமைத் தாண்டிக் காட்டியிருக்கும்! மறுநாள் வேறொரு கடையில் எந்திரத்தில் வைத்துப் பார்த்ததில் 91 சதவீதம் வெள்ளி என்று வந்தது. அங்கேயே விற்றுக் கட்டணமும் கட்டியாச்சு. பாட்டிக்குப் பணத்தைவிட அவங்க அப்பா பேர் நிமிர்ந்ததுதான் பெரிசு.

இதில் கவனம் தேவை. ஒரு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் கணக்கு கெடும். பழம் திறக்க முடியாத கூடாக இருந்தால் உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து இடம் பிடிக்கும், அப்போ சுத்த வெள்ளிகூட மிதக்கலாம். அந்தப் பழத்துக்கு இந்தச் சோதனை உதவாது. 925-ஐயும் 990-ஐயும் இதை வைத்துப் பிரிக்கவும் முடியாது, வித்தியாசம் அவ்வளவு சின்னது. இன்னொன்று, சில பழங்களுக்குள் அரக்கு நிரப்பியிருப்பார்கள். விரலால் தட்டினால் கணீர் என்று கேட்காமல் மொத்தென்று கேட்கும். அரக்கின் எடையும் வெள்ளிக் கணக்கில் ஏறிவிடக் கூடாது, அது வாங்கும்போது நமக்கு நஷ்டம்.

நைட்ரிக் அமிலச் சோதனையை வீட்டில் செய்யவே செய்யாதீங்க. கையும் போகும், பழமும் போகும்.

கடை எந்திரம் எக்ஸ்-கதிர் வைத்துப் படிக்கிறது, பொருளை வெட்டத் தேவையில்லை. ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும். முலாம் கெட்டியாக இருந்தால் ஏமாறும். அதனால் கண்ணில் படாத ஓர் இடத்தில் லேசாக அரம் போட்டு அங்கேயும் பார்ப்பதே சரி.

இனி மதிப்பு. எடை × தூய்மை × அன்றைய விலை. பாட்டி சிமிழில் 124 × 0.91 = 112.84 கிராம் சுத்த வெள்ளி. செய்கூலி திரும்ப வராது, கல், கண்ணாடி எடை கழியும். விற்க மனசில்லையா? ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளில் வெள்ளி நகைக்கு மட்டுமல்ல, வெள்ளி அலங்காரப் பொருளுக்கும் பாத்திரத்துக்கும் கடன் தர இடம் இருக்கு. அந்த விதிகளை வங்கிகள் கடைப்பிடிக்கக் கடைசி நாள் 2026 ஏப்ரல் 1. வெள்ளிக்கட்டிக்குக் கிடையாது. மதிப்பிடும்போது கடன் வாங்குபவர் முன்னாலேயே செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கு. தாத்தா பாட்டி கூட நாமும் போய் நின்று பார்க்கலாம்.

உருக்கக் கூடாத பழமும் உண்டு. சென்னையில் 1849-ல் தொடங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ் மாதிரிப் பழைய நிறுவனத்தின் பெயர் அடியில் பொறித்திருந்தால், எடைக்குப் போடும் முன் பழம்பொருள் தெரிந்தவரிடம் காட்டுங்க. அதற்கு வேலைப்பாட்டு விலை தனி. அதுவரை பாலீஷ் போட்டுத் தேய்க்காதீங்க, முத்திரை மழுங்கிவிடும்.